தேய்க்காதீர்கள், அழுத்துங்கள்

(கோவில்பத்தில் பெண்களுக்கான தையல் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



துண்டுத் துணிகளை இணைத்து விரிப்பு தைக்கும் இந்த வகுப்பில் இதுவரை வெட்டுவதைப் பற்றிப் பேசினோம், தைப்பதைப் பற்றிப் பேசினோம். இன்று இஸ்திரிப் பெட்டியைப் பற்றிப் பேசப் போகிறோம். "விரிப்பு முழுவதும் தைத்து முடித்த பிறகு ஒரு தடவை இஸ்திரி போட்டால் போதாதா? அதற்கு ஒரு வகுப்பா?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போதாது. ஒரு தையல் மிஷினில் முடிவதில்லை. அதை அழுத்திப் படிய வைத்த பிறகுதான் முடிகிறது. ஒரு தையலின் மேல் இன்னொரு தையல் குறுக்கே போவதற்கு முன், முதல் தையலை அழுத்தியாக வேண்டும். இன்றைய பாடம் இவ்வளவுதான். ஏன், எப்படி என்பதை மட்டும் விளக்குகிறேன்.

இதில் நமக்கு என்ன இருக்கிறது?

இந்த வகுப்புக்கு வருகிறவர்களில் பொழுதுபோக்குக்காக வருகிறவர்கள் குறைவு. வீட்டில் இருந்தபடியே நாலு காசு சம்பாதிக்க வேண்டும், பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு யாரிடமும் கை நீட்டக் கூடாது என்று வருகிறவர்கள்தான் அதிகம். தையல் கடைகளில் மிஞ்சும் கட் பீஸ், பழைய கைலி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன சேலை இவைதான் நம் மூலப்பொருள். துணிக்குச் செலவு குறைவு, உழைப்புதான் அதிகம். ஒரு ஆள் படுக்கும் விரிப்பில் இருநூறு துண்டுகளுக்கு மேல் இருக்கும். அத்தனையும் தைத்த பிறகு அது தரையில் படியாமல் நடுவில் உப்பி, ஓரத்தில் அலை அலையாக நின்றால், வாங்க வந்தவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார். பல நாள் உழைப்பு பாதி விலைக்குப் போகும். துணியும் நல்ல துணி, தையலும் நேரான தையல், ஆனாலும் விரிப்பு கோணலாக இருக்கிறது என்றால், பெரும்பாலும் குறை அழுத்துவதில் இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. 60 இஞ்ச்சுக்கு 90 இஞ்ச் என்று சொல்லி ஒருவரிடம் காசு வாங்கினால், அந்த 60ம் 90ம் அவருக்குக் கிடைக்க வேண்டும். அளவில் குறைப்பது நமக்கு ஆகாத காரியம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேண்டும் என்று குறைக்காமல், அழுத்தத் தெரியாததால் குறைந்தாலும் வாங்கினவருக்குக் குறைவு குறைவுதான்.

மாகாணி கணக்கு

குறைவு எப்படி வருகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 60க்கு 90 விரிப்பை 5 இஞ்ச் கட்டங்களால் தைப்பதாக வைத்துக்கொள்வோம். அகலத்தில் 12 கட்டம், நீளத்தில் 18 கட்டம், மொத்தம் 216 கட்டங்கள். ஒவ்வொரு பக்கமும் தையலுக்காகக் கால் இஞ்ச் விட வேண்டும். தையல் கடையில் இதை மார்ஜின் என்பார்கள். அதனால் 5½ இஞ்ச் சதுரமாக வெட்டுகிறோம்.

அகலத்தில் 12 கட்டங்களை இணைக்க 11 தையல். தைத்த துணியைத் திருப்பிப் படிய வைக்கும்போது, துணி தையலின் மேல் ஏறி மடிகிறது. அந்த மடிப்பு ஒன்று இரண்டு இழைகளை விழுங்கிவிடும். அரைகுறையாகப் படிய வைத்தால் இன்னும் அதிகமாக விழுங்கும். ஒரு தையலுக்கு மாகாணி, அதாவது 1/16 இஞ்ச் போனால், 11 தையலுக்கு 11/16 இஞ்ச். முக்கால் இஞ்ச்சுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஒரு தையலுக்கு அரைக்கால் இஞ்ச், அதாவது 1/8 போனால், அகலத்தில் 1⅜ இஞ்ச் குறையும். நீளத்தில் 17 தையலுக்கு 2⅛ இஞ்ச் குறையும்.

எல்லா வரிசையும் ஒரே அளவு குறைந்தாலாவது விரிப்பு சிறியதாக, ஆனால் சதுரமாக இருக்கும். நடப்பது அப்படியல்ல. ஒரு வரிசையை நன்றாக அழுத்துகிறோம், அடுத்த வரிசையை அவசரத்தில் விட்டுவிடுகிறோம். ஒன்று 60, அடுத்தது 59. இரண்டையும் இழுத்துப் பிடித்துத் தைக்கிறோம். அங்கேதான் அலை பிறக்கிறது. கடைசியில் எவ்வளவு சூடாக இஸ்திரி போட்டாலும் அந்த அலை போகாது, ஏனென்றால் மேலே இன்னொரு தையல் அதைக் கட்டிப் போட்டுவிட்டது.

சொல்லிலேயே இருக்கும் எச்சரிக்கை

நாம் துணியைத் "தேய்க்கிறோம்" என்கிறோம். "இஸ்திரி" என்ற சொல் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது; இழுத்து நீட்டுவது என்று அதற்கு அங்கே பொருள். சட்டைக்கும் வேட்டிக்கும் இரண்டும் பொருத்தம். சுருக்கம் போக வேண்டுமானால் தேய்க்கத்தான் வேண்டும், இழுக்கத்தான் வேண்டும். ஆனால் துண்டுத் துணிக்கு இந்த இரண்டும்தான் ஆகாது. சின்னத் துண்டின் மேல் சூடான பெட்டியை இப்படியும் அப்படியும் ஓட்டினால் துணி பெட்டியோடு போகும். சதுரமாக வெட்டியது சாய்சதுரம் ஆகிவிடும். ஆகவே பெட்டியை ஓட்டாதீர்கள். தூக்குங்கள், நேராக மேலே வையுங்கள், சில நொடி அழுத்துங்கள், தூக்குங்கள், அடுத்த இடத்தில் வையுங்கள். முத்திரை குத்துவது போல.

நான்கு படிகள்

முதல் படி: தைத்த இரண்டு துண்டுகளையும் விரிக்காமல், தைத்த நிலையிலேயே பலகையில் வைத்து, தையல் கோட்டின் மேல் பெட்டியை மூன்று நான்கு நொடி வையுங்கள். மிஷின் போட்ட நூல் துணியின் மேல் முறுக்காக நிற்கும். சூடு பட்டதும் அது துணிக்குள் இறங்கிப் படியும். தையலில் சின்னச் சுருக்கம் இருந்தாலும் இங்கேயே சரியாகிவிடும். பலரும் விட்டுவிடும் படி இது.

இரண்டாம் படி: மார்ஜின் எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தத் துணி மேலே இருக்கும்படி வைத்து, மேல் துணியைத் தூக்கித் திருப்புங்கள். துணியின் நல்ல பக்கம் இப்போது உங்களைப் பார்க்கும். விரலாலோ நகத்தாலோ தையல் கோட்டின் மேல் ஒரு தரம் நீவிவிடுங்கள். தையலை ஒட்டி ஒரு சின்ன மடிப்பு ஒளிந்திருக்கும். அது முழுவதும் திறக்க வேண்டும். அந்த மடிப்புதான் நாம் கணக்குப் போட்ட மாகாணியைத் தின்கிறது.

மூன்றாம் படி: பெட்டியின் ஓரத்தைத் தையல் கோட்டின் மேல் வைத்து அழுத்துங்கள். நல்ல பக்கத்திலிருந்து அழுத்தினால் மடிப்பு ஒளிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். பின்பக்கத்திலிருந்து அழுத்தினால் தெரியாது.

நான்காம் படி: ஆறவிடுங்கள். சூட்டோடு எடுத்து மடக்கி வைக்காதீர்கள். பருத்தி இழைக்குள் இருக்கும் நுண்ணிய பிணைப்புகள் சூட்டிலும் ஈரத்திலும் தளரும். ஆறிக் காயும்போது எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் மறுபடி பிடித்துக்கொள்ளும். கையில் தூக்கிய நிலையில் ஆறினால் வளைந்தபடியே நிற்கும். பலகையில் படிந்தபடி ஆறினால் படிந்தே இருக்கும். எண்ணிப் பத்து நொடி பொறுத்தால் போதும்.

எந்தப் பக்கம் சாய்ப்பது?

மார்ஜினை இரண்டு விதமாகப் படிய வைக்கலாம். இரண்டு விளிம்பையும் ஒரே பக்கமாகச் சாய்ப்பது ஒரு விதம். புத்தகத்தைத் திறப்பது போல இரண்டு பக்கமும் விரிப்பது இன்னொரு விதம். எது சரி என்று கேட்டால், இரண்டும் சரி. எங்கே எது என்பதுதான் தெரிய வேண்டும்.

சாதாரணக் கட்ட விரிப்புக்கு ஒரே பக்கம் சாய்ப்பதே நல்லது. தையல் கோட்டின் மேல் துணி மூடியிருப்பதால் உறுதி அதிகம். கை மிஷினிலும் கால் மிஷினிலும் தைக்கும் நமக்கு அந்த உறுதி வேண்டும். எந்தப் பக்கம் என்றால், அடர்ந்த நிறத்தின் பக்கம். வெள்ளைத் துப்பட்டித் துணியும் நீலக் கைலித் துணியும் அடுத்தடுத்து வந்தால், நீலத்தின் மார்ஜின் வெள்ளைக்கு அடியில் போய்விடக் கூடாது. போனால் வெள்ளையில் ஒரு நிழல்கோடு விழும். துவைக்கத் துவைக்க வெள்ளை மெலியும், நிழல் கூடும். வெள்ளைப் பக்கம்தான் சாய்த்தாக வேண்டும் என்ற இடம் வந்தால், நீல மார்ஜினை வெள்ளை மார்ஜினைவிட ஒரு நூல் குட்டையாகக் கத்தரித்துவிட்டுச் சாயுங்கள்.

இரண்டாவது விதி, வரிசைக்கு வரிசை திசையை மாற்றுவது. முதல் வரிசையில் எல்லா மார்ஜினும் இடது பக்கம். இரண்டாம் வரிசையில் எல்லாம் வலது பக்கம். மூன்றாவது மறுபடி இடது. இப்படிச் செய்தால் இரண்டு வரிசைகளை இணைக்கும்போது, ஒரு வரிசையின் மேடு அடுத்த வரிசையின் பள்ளத்தில் போய் உட்காரும். கண்ணால் பார்க்கவே வேண்டாம். ஆட்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வைத்து நகர்த்தினால் பூட்டு விழுவது போல ஓரிடத்தில் நிற்கும். அங்கே ஒரு குண்டூசி. நாலு மூலையும் ஒரே புள்ளியில் சந்திப்பதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. இரண்டு மேடும் ஒரே பக்கம் வந்தால் மூலையில் கட்டி விழும், மிஷின் ஊசி திணறும், கைலி போன்ற தடித்த துணியில் ஊசி முறியவும் செய்யும்.

கருப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் சதுரங்கக் கட்ட விரிப்பில் இந்த இரண்டு விதியும் தானாகவே பொருந்தும். எல்லா வரிசையிலும் அடர்ந்த நிறத்தின் பக்கம் சாய்த்தாலே, திசை வரிசைக்கு வரிசை மாறிவிடும். புதிதாகக் கற்பவர்கள் அந்த மாதிரியிலிருந்து தொடங்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

விரித்து அழுத்துவது எப்போது? ஒரே புள்ளியில் ஆறு, எட்டு முனைகள் கூடும் நட்சத்திர மாதிரிகளில் ஒரே பக்கம் சாய்த்தால் நடுவில் கொட்டைப் பாக்கு அளவுக்குக் கட்டி நிற்கும். அங்கே விரித்து அழுத்துங்கள். தடித்த துணிகளை இணைக்கும்போதும் அப்படியே. ஆனால் விரித்த தையலில் இரண்டு துணிக்கும் நடுவே நூல் மட்டும்தான் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஆகவே தையலைச் சிறியதாக, ஒரு இஞ்ச்சுக்குப் பன்னிரண்டு தையல் வரும்படி வையுங்கள். பிறகு மூன்று அடுக்கையும் சேர்த்து மேல்தையல் போடும்போது, விரித்த தையல் கோட்டின் மேலேயே ஓட்டாதீர்கள். ஊசி பழைய நூலை அறுத்துவிடும். கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

நாலு கட்டம் கூடும் மூலைக்கு ஒரு சின்ன உபாயமும் உண்டு. பின்பக்கத்தில், கடைசித் தையல் கோட்டுக்கு மேலே மார்ஜினுக்குள் இருக்கும் இரண்டு மூன்று தையல்களை மட்டும் பிரித்துவிட்டு, நாலு மார்ஜினையும் காற்றாடி சுற்றுவது போல ஒரே சுற்றில் சாய்த்து அழுத்துங்கள். நடுவில் ஒரு குட்டிக் கட்டம் தெரியும். கட்டி நாலாகப் பிரிந்து மூலை தட்டையாகிவிடும்.

முக்கோணத் துண்டுகள்

சதுரத்தைக் குறுக்கே வெட்டி முக்கோணமாக்கினால், வெட்டிய அந்த நீளப் பக்கம் கிராஸ். பாவு நூலும் இல்லை, ஊடை நூலும் இல்லை; தொட்டாலே நீளும். தைப்பதற்கு முன் அதன் மேல் பெட்டி படவே கூடாது. தைத்த பிறகு, தையல் கோட்டின் போக்கில் பெட்டியைத் தள்ளாமல், மேலிருந்து கீழாக மட்டும் அழுத்துங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், நீராவியும் வேண்டாம். ஈரத்தில் கிராஸ் இன்னும் நீளும். நாலு பக்கமும் நேர்நூல் வந்து கட்டம் முழுமையான பிறகு கொஞ்சம் ஈரம் காட்டலாம். மூலைகளில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முனைகளை அழுத்திய பிறகு கத்தரித்துவிடுங்கள்.

முக்கோணம் அதிகம் உள்ள மாதிரி என்றால், துணியை வெட்டும் முன்பே அரிசிக் கஞ்சியை மெல்லிதாக வடிகட்டிப் போட்டுக் காயவைத்து, இஸ்திரி போட்டு, பிறகு வெட்டுங்கள். காகிதம் போல நிற்கும். ஒன்று மட்டும். கஞ்சி போட்ட துணியை மழைக்காலத்தில் பெட்டிக்குள் அடைத்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், பூச்சி அரிக்கும். விரிப்பு முடிந்ததும் துவைத்துக் கஞ்சியை நீக்கிவிட வேண்டும்.

சூடு எவ்வளவு?

பெட்டியில் போட்டிருக்கும் புள்ளிகளைக் கவனியுங்கள். ஒரு புள்ளி 110 டிகிரி, நைலான் போன்ற துணிகளுக்கு. இரண்டு புள்ளி 150 டிகிரி, பாலியஸ்டருக்கும் பட்டுக்கும். மூன்று புள்ளி 200 டிகிரி, பருத்திக்கு. நம் கையில் இருக்கும் கட் பீஸ்களில் எது பருத்தி, எது கலப்பு என்று பார்த்தவுடன் தெரியாது. ஒரு இழையை உருவி, வீட்டுக்கு வெளியே இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். காகிதம் எரியும் வாடை வந்து சாம்பலானால் பருத்தி. உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர் கலந்தது. கலப்பையும் பருத்தியையும் ஒரே விரிப்பில் சேர்க்காமல் இருப்பது நல்லது. சேர்த்துவிட்டால் கலப்புக்கு ஏற்ற சூட்டிலேயே முழுவதையும் அழுத்துங்கள். சரிகைக் கரை வந்தால் மேலே ஒரு மெல்லிய வெள்ளைத் துணியை விரித்து, பின்பக்கத்திலிருந்து குறைந்த சூட்டில்.

புதுத் துணியை, முக்கியமாக அடர் சிவப்பு, நீலக் கைலித் துணியை, வெட்டுவதற்கு முன் அலசுங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். சாயம் போகிறதா என்றும் தெரிந்துவிடும். அலசாத சாயத் துணியை ஈரத்தோடு அழுத்தினால் பக்கத்து வெள்ளைத் துண்டில் சாயம் ஏறும். பிறகு எடுக்க முடியாது.

எங்கே வைத்து அழுத்துவது?

மெத்தை மேல் வைத்து அழுத்தாதீர்கள். அடியில் மெத்தென்று இருந்தால் துண்டு உள்ளே அமுங்கி வளையும். கெட்டியான பலகை, அதன் மேல் நாலாக மடித்த பருத்திப் போர்வை, அதன் மேல் வெள்ளைத் துணி. இது போதும். தரையில் வைத்துச் செய்கிறவர்கள் பிளாஸ்டிக் பாயின் மேல் செய்ய வேண்டாம், உருகிவிடும். கோரைப் பாயின் மேல் பலகை போட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் தரையே ஓதம் காத்துக்கொண்டிருக்கும். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் மின்சாரப் பெட்டியைத் தொடாதீர்கள். மூன்று முள் பிளக் உள்ள பெட்டியை மூன்று ஓட்டை உள்ள சாக்கெட்டிலேயே செருகுங்கள். எர்த் இல்லாத இணைப்பில் வேலை செய்ய வேண்டாம். காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வயர் தொங்கக் கூடாது. பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலுக்கு எழுந்து போகவும் கூடாது.

கரிப் பெட்டி வைத்திருப்பவர்களும் தாராளமாக இதைச் செய்யலாம். அதன் கனமே அழுத்தும் வேலையைப் பாதி செய்துவிடும். கங்கு நன்றாகக் கனிந்த பிறகு, அடிப்பாகத்தை வாழை இலையில் ஒரு தரம் ஓட்டி, பழந்துணியில் துடைத்து, கழிவுத் துணியில் சோதித்துவிட்டு எடுங்கள். சாம்பல் பறக்காத இடமாக உட்காருங்கள்.

கரண்டும் நேரமும்

"ஒவ்வொரு தையலுக்கும் எழுந்து போய் அழுத்திக்கொண்டிருந்தால் கரண்ட் பில் என்ன ஆகும்? வேலை எப்போது முடியும்?" என்பது அடுத்த கேள்வி. ஒவ்வொரு தையலுக்கும் எழ வேண்டாம். இரண்டிரண்டு கட்டங்களாக எடுத்து, நூலை அறுக்காமல் ஒன்றன் பின் ஒன்றாக மிஷினில் விட்டுக்கொண்டே போங்கள். 216 கட்டமும் 108 ஜோடியாகி, தோரணம் போல வெளியே வரும். பிறகு நூலை அறுத்து, எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் அழுத்துங்கள். அடுத்து ஜோடிகளை இணையுங்கள், மறுபடி ஒரு உட்காரல். 1000 வாட் பெட்டி ஒரு மணி நேரம் இடைவிடாமல் சூடேறினால்தான் ஒரு யூனிட். சூடு ஏறியதும் தானாக அணைந்து அணைந்து எரியும் பெட்டி அதைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். கோணலாகப் போன ஒரு வரிசையைப் பிரித்து மறுபடி தைக்கும் நேரத்தையும் நூலையும் கணக்கில் வைத்தால் இது பெரிய செலவே அல்ல.

கரண்ட் இல்லாத நேரத்தில் விரல் இருக்கிறது, நகம் இருக்கிறது. ஒரு மரக்கரண்டியின் பின்பக்கம், அல்லது மழுங்கிய வழுவழுப்பான ஒரு மூங்கில் பட்டை. இவற்றால் தையல் கோட்டை நீவிவிட்டால் அடுத்த தையல் போடும் அளவுக்குப் படியும். கரண்ட் வந்ததும் சூட்டில் அழுத்திக்கொள்ளலாம்.

கையால் தைப்பவர்கள்

மிஷின் இல்லாமல் ஊசியும் நூலுமாகத் துண்டுகளை இணைப்பவர்களுக்கு விதி கொஞ்சம் வேறு. கைத்தையலில் மூலையில் போட்ட புள்ளியிலிருந்து புள்ளி வரைதான் தைக்கிறோம், மார்ஜினைத் தைப்பதில்லை. மார்ஜின் எந்தப் பக்கமும் சாயச் சுதந்திரமாக நிற்கிறது. ஆகவே பெரிய கட்டம் முழுமையாகும் வரை விரலால் நீவினால் போதும். பிறகு எந்தப் பக்கம் கட்டி குறைவாக விழுகிறதோ அந்தப் பக்கம் சாய்த்துச் சூட்டில் அழுத்தலாம்.

இஸ்திரிப் பெட்டியே தேவைப்படாத விரிப்பும் நம் நாட்டில் உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் சித்திகள் என்ற சமுதாயத்தார் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்தவர்களின் வழிவந்தவர்கள். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் இந்துக்களும் உண்டு. அவர்களின் பெண்கள் பழந்துணியில் கவந்தி என்ற விரிப்பைக் கையால் தைக்கிறார்கள். ஒரு பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டின் ஓரத்தை விரலால் உள்ளே மடித்து, ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே நாலு ஓரமும் சுற்றி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிக்கிறார்கள். நாலு மூலையிலும் மடித்த துணியால் பூப்போல ஒன்று வைப்பார்கள். அதற்குப் பெயர் பூலா. அது இல்லாவிட்டால் விரிப்பு முழுமையடைந்ததாக அவர்கள் கருதுவதில்லை.

அவர்களுக்கு ஏன் பெட்டி தேவையில்லை என்று யோசித்துப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு துண்டும் அடிச்சேலையோடு நேராகத் தைக்கப்படுகிறது. ஒரு துண்டு சிறிதானால் பக்கத்துத் துண்டு அதன் மேல் கொஞ்சம் ஏறி உட்காரும். பிழை அந்த இடத்தோடு நின்றுவிடும். நம் கட்ட விரிப்பில் துண்டு துண்டோடு மட்டும் இணைகிறது. முதல் தையலின் பிழை பதினோராவது தையல் வரை கூடவே நடந்து வருகிறது. ஆகவே ஒவ்வொரு தையலிலும் பிழையை நிறுத்த வேண்டியிருக்கிறது. அதை நிறுத்துவதுதான் அழுத்துவது.

கடைசியாகச் சில சொற்கள்

வரிசைகளையெல்லாம் இணைத்து மேல்பாகம் முடிந்ததும், அடித்துணியோடு சேர்ப்பதற்கு முன், பின்பக்கம் ஒரு முறை, முன்பக்கம் ஒரு முறை முழுவதும் அழுத்துங்கள். இதற்குப் பிறகு அந்தத் தையல்களை நீங்கள் பார்க்கப் போவதில்லை. முறுக்கிக்கொண்ட மார்ஜின், தொங்கும் நூல், எல்லாவற்றையும் இப்போதே சரிசெய்யுங்கள். உள்ளே பாலியஸ்டர் பஞ்சு வைத்துத் தைத்த பிறகு சூடான பெட்டியை மேலே வைக்காதீர்கள். பஞ்சு தட்டையாகிப் போகும், உருகவும் கூடும். நம் கடலோர வெப்பத்துக்குப் பஞ்சே வேண்டாம். நடுவில் ஒரு பழைய பருத்திச் சேலையோ கைலியோ போதும். பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொடுக்கும் சின்ன விரிப்பாக இருந்தாலும் அதுதான் உடம்புக்கு இதம்.

அடுத்த வகுப்புக்கு ஒரு வீட்டுப்பாடம். 1½ இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்து, நான் சொன்ன நான்கு படிகளில் அழுத்துங்கள். ஆறிய பிறகு டேப் வைத்து அளந்து பாருங்கள். மொத்தம் சரியாக 3½ இஞ்ச் வர வேண்டும். நடுப்பட்டை சரியாக ஒரு இஞ்ச் வர வேண்டும். 3⅜ தான் வருகிறது என்றால், முதலில் மடிப்பு ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மிஷின் தகட்டில் நீங்கள் ஒட்டியிருக்கும் கால் இஞ்ச் அடையாளத்தை ஊசியின் பக்கம் ஒரு நூல் நகர்த்தி ஒட்டி, மறுபடி மூன்று பட்டை தைத்துப் பாருங்கள். 3½ வரும் வரை விரிப்புத் துணியில் கை வைக்காதீர்கள். வீணாவது கையகலத் துணிதான். கிடைப்பது, இருநூற்றுப் பதினாறு கட்டத்துக்கும் பொருந்தும் அளவு.

வருகிற பெருநாளுக்கு முன் நாம் தைத்த விரிப்புகளை விற்பனைக்கு வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், அன்று யாராவது டேப்பை நீட்டி அளந்து பார்க்கட்டும்; அளவு சொன்னபடி இருக்கட்டும். தரையில் விரித்துப் பார்க்கட்டும். நாலு மூலையும் படிந்து கிடக்கட்டும். விலையை நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.